மாற்று மதிப்புக்கு ஆர்எல்ஸ் வேண்டாம், ஆர்எல்ஸ்கெட் போடுங்கள்

ஜாவாவின் ஆப்ஷனலில் (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று காட்டும் வகை) மதிப்பு இல்லாதபோது தரும் மாற்று மதிப்பை ஒரு மெத்தடைக் கூப்பிட்டுத்தான் பெற வேண்டும் என்றால், ஆர்எல்ஸ் எழுதாதீர்கள். ஆர்எல்ஸ்கெட் எழுதி, அந்த அழைப்பை லாம்டாவுக்குள் (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்; மதிப்பு இல்லாதபோது மட்டுமே ஓடும்) வையுங்கள்.

ஜாவாவில் ஒரு மெத்தடுக்குக் கொடுக்கும் ஆர்குமென்ட், அந்த மெத்தட் ஓடத் தொடங்கும் முன்பே கணக்கிடப்பட்டுவிடும். ஆகவே, உதாரணமாக, கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) பயனர் விவரம் கிடைத்தாலும், ஆர்எல்ஸுக்குள் இருக்கும் டேட்டாபேஸ் தேடல் ஓடியே தீரும். அதன் முடிவு வீணாகும். விடை சரியாகவே வருவதால் சாதாரண டெஸ்டில் இது அகப்படாது. அந்த மெத்தட் புதிய பதிவைச் சேர்ப்பதாக இருந்தால் இன்னும் ஆபத்து: யாரும் கேட்காத பதிவு டேபிளில் ஏறிவிடும்.

ரியாக்டர் என்ற ஜாவா லைப்ரரியிலும் இதே கதைதான். அதில் மோனோ என்பது, பிறகு ஒரு மதிப்பைத் தரும் அல்லது காலியாகவே முடியும் வகை. மோனோவின் ஸ்விட்ச்இஃப்எம்ப்டிக்குள் மெத்தடை நேரடியாகக் கூப்பிட்டால், சங்கிலியைக் கட்டும்போதே அது ஓடிவிடும். பெயரைப் பார்த்து ‘காலியானால்தான் ஓடும்’ என்று நம்பிவிடுகிறோம். மோனோ.டிஃபருக்குள் வைத்தால், மேலே எதுவும் வராமல் முடிந்த பிறகே ஓடும். மோனோ.ஜஸ்ட்டுக்குள் கனமான கணக்கு இருந்தால் அதை ஃப்ரம்காலபிளுக்கு மாற்றுங்கள்; யாராவது சப்ஸ்கிரைப் செய்து முடிவைக் கேட்கும்போதுதான் அது ஓடும். அந்தக் கணக்கு த்ரெட்டைப் பிடித்து நிறுத்தும் அழைப்பு என்றால் சப்ஸ்கிரைப்ஆனில் பவுண்டட்எலாஸ்டிக் ஷெட்யூலரும் (அத்தகைய அழைப்புகளுக்கான தனி த்ரெட்கள்) வேண்டும்.

மாற்று மதிப்பு வெறும் பூஜ்யம், காலி ஸ்ட்ரிங், ஏற்கெனவே கையில் உள்ள மாறி என்றால் ஆர்எல்ஸே போதும். வெப்கிளையன்ட் (இணையக் கோரிக்கை அனுப்பும் கருவி) அழைப்பைக் கட்டி மோனோவாகத் திருப்பித் தருவதைத் தவிர வேறெதுவும் செய்யாத மெத்தடுக்கு டிஃபர் தேவையில்லை. சப்ஸ்கிரைப் ஆகும் வரை அது கோரிக்கையை அனுப்பாது.