குடி, மனநோய், தங்க இடமில்லை: மூன்றும் ஒருவருக்கே இருந்தால் எங்கே தொடங்குவது?

குடியும் விடவில்லை, மனசும் சரியில்லை, வீட்டிலும் சேர்க்கவில்லை என்று ஒருவரை அழைத்துக்கொண்டு உதவி கேட்டுப் போனால், ஒவ்வொரு வாசலும் அடுத்த வாசலைக் கைகாட்டும். மனநலப் பிரிவில் “முதலில் குடியை நிறுத்தட்டும்” என்பார்கள். போதை மீட்பு மையத்தில் “காதில் குரல் கேட்கிறது என்கிறாரே, மனநல டாக்டரிடம் காட்டுங்கள்” என்பார்கள். காப்பகத்தில் “குடித்திருந்தால் உள்ளே விட முடியாது” என்பார்கள். கூட வந்தவர் சலித்துப்போய் விட்டுவிடுவது இந்தச் சுற்றில்தான். தமிழ்நாட்டில் மூன்றுக்கும் அரசு சேவை உண்டு, கட்டணமும் இல்லை. போகும் வரிசையில்தான் காரியம் கெடுகிறது. முதலில் உடம்புக்கு ஆபத்தில்லாமல் குடியை இறக்குவது. அந்த நாட்களிலேயே மனநோய் உண்டா என்று பார்க்கவைப்பது. டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே படுக்க இடம் பிடிப்பது.

திடீரென்று நிறுத்தவைக்காதீர்கள்

அறையில் பூட்டுவது, கோயிலில் கயிறு கட்டி அன்றோடு விடச் சொல்வது, மாலை போட்டுவிடுவது எல்லாம் நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் ஒரு குவாட்டரில் 180 மி.லி. இருக்கிறது, 42.8 சதவீதம் என்றால் சுத்த ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம். தினம் இரண்டு குவாட்டர் என்று வருடக்கணக்கில் பழகிய மூளைக்கு அது ஒரே நாளில் நின்றால் தாங்காது. கடைசியாகக் குடித்த 6 முதல் 8 மணி நேரத்தில் கை உதறும், வியர்க்கும், குமட்டும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை இன்னும் மோசம்: சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், போர்வையைப் பிய்ப்பார், பகலா இரவா தெரியாது. வீட்டார் இதைப் பேய் பிடித்ததென்று எண்ணிப் பூசாரியைத் தேடுவதுண்டு. உயிர் போகக்கூடிய நிலை இது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொரு தப்பு தெருமுனை கிளினிக்கில் நடக்கும். சோர்ந்து கிடக்கிறாரே என்று குளுக்கோஸ் ஏற்றுவார்கள். நாள்பட்டுக் குடித்தவருக்குத் தயாமின் என்ற பி1 சத்து வற்றிப்போயிருக்கும். அதை ஊசியாகப் போடாமல் குளுக்கோஸ் மட்டும் போனால் மூளை பாதிக்கலாம். ஞாபகம் போய் நிரந்தரமாகத் திரும்பாமலும் இருக்கலாம். “தயாமின் போட்டாச்சா சார்?” என்று கேட்பதில் தப்பே இல்லை.

நடுக்கத்தை இறக்க டாக்டர்கள் தூக்க மாத்திரை வகையைக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்துவார்கள். முன்பு வலிப்பு வந்தவர், வயதானவர், மஞ்சள் காமாலை உள்ளவர், தெருவில் தங்குபவர் ஆகியோருக்கு இதை வார்டில் வைத்துத்தான் செய்ய வேண்டும். மாத்திரை வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்துக்குத் திரும்பினால், மாத்திரையும் சரக்கும் சேர்ந்து மூச்சு அடங்கிவிடலாம்.

எங்கே போவது: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு. 2025-இல் ‘கலங்கரை’ என்ற பெயரிலும் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்கள் தொடங்கப்பட்டன. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை உண்டு. ஓ.பி. காலையில்தான் நடக்கும், சீக்கிரம் போங்கள். வலிப்பு, புத்தி தடுமாற்றம், விஷம் குடித்தது என்றால் எந்த நேரமானாலும் நேரே அவசரப் பிரிவு. எங்கே போவதென்றே பிடிபடவில்லையா? 14416-க்கு (டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்) அடியுங்கள், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். போதைக்கென்றே உள்ள தேசிய எண் 14446.

ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், இப்படி:

“வயது 43. குடி 15 வருடம். தினம் 2 குவாட்டர். காலையில் ஒரு கட்டிங் போடாமல் கை நிற்காது. கடைசியாகக் குடித்தது நேற்று இரவு 9 மணி. இரண்டு வருடம் முன்பு நிறுத்தியபோது ஒரு முறை வலிப்பு. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார், பெயர் பின்னால். போன மாதம் தூக்கு மாட்டப் பார்த்தார். மூன்று மாதமாகப் பஸ் ஸ்டாண்டில் படுக்கிறார்.”

கடைசி இரண்டு வரியைத்தான் வெட்கப்பட்டு மறைப்பார்கள். அட்மிஷன் போடுவதா வேண்டாமா என்று டாக்டர் முடிவெடுப்பது பெரும்பாலும் அவற்றை வைத்துத்தான். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆகவே போலீஸ் கேஸ் பயம் வேண்டாம்.

குடியால் வந்ததா, தனி நோயா?

குடிப்பவரின் மனச்சோர்வு பாதி குடி போட்ட சோர்வாகவே இருக்கும். நிறுத்தி இரண்டு முதல் நான்கு வாரத்தில் பலருக்குத் தெளியும். அதற்குப் பிறகும் தூக்கமில்லை, அழுகிறார், குரல் கேட்கிறது என்றால் அது தனி நோய், தனி மருந்து. குடிக்கும் முன்பே இந்தத் தொல்லை இருந்ததா, இடையில் குடிக்காத மாதங்களில் எப்படி இருந்தார், குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா? இந்த மூன்றுக்கும் பதிலைத் தெரிந்துகொண்டு போய்ச் சொல்லுங்கள், நோய்க் கணிப்பு சீக்கிரம் நடக்கும். சாகவேண்டும் என்று பேசுபவருக்கு மட்டும் இந்த நாலு வாரக் கணக்குப் பொருந்தாது. அன்றே காட்டவும். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அகற்றவும்.

சாம்பாரில் கலந்து கொடுக்கும் ‘குடி மறக்கடிக்கும் மாத்திரை’யைத் தொடவே தொடாதீர்கள். அதில் டைசல்ஃபிராம் இருந்தால், தெரியாமல் குடித்ததும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். மனப்பிறழ்வு உள்ளவருக்கு அது நோயைக் கிளப்பியும் விடும். அவரிடம் சொல்லி, டாக்டர் பார்த்துக் கொடுத்தால் அதே மாத்திரை பயன்படும்.

வரமாட்டேன் என்றால்

குடிக்கிறார் என்பதற்காக மட்டும் ஒருவரைக் கட்டாயமாகச் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை. மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாத நிலை என்றால், அவருடைய நியமனப் பிரதிநிதி (அவர் சார்பில் பேச அவரே குறித்தவர், இல்லையென்றால் உறவினர்) விண்ணப்பிக்க, மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியே பார்த்து ஒப்புக்கொண்டால், 30 நாள் வரை சேர்க்கலாம். “போன் பண்ணுங்க, வண்டி அனுப்பித் தூக்கிட்டு வர்றோம்” என்னும் தனியார் மையங்கள் செய்வது இதல்ல. பணம் கட்டும் முன் கேளுங்கள்: மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா, மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், ராத்திரி நர்ஸ் யார், வாரம் ஒரு முறை பார்க்க விடுவீர்களா? “மூன்று மாதம் பார்க்கக் கூடாது” என்றால் எழுந்து வந்துவிடுங்கள். சங்கிலி போடுவதைச் சட்டம் அடியோடு தடைசெய்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் 28 பேர் தீயில் மாண்டது, கட்டிப்போட்டிருந்ததால்தான்.

படுக்க இடம்

அட்மிஷன் ஆன அன்றே வார்டிலுள்ள சமூகப் பணியாளரைப் பாருங்கள். “இவருக்கு வீடில்லை” என்று கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் அன்று மதியம் தேட ஆரம்பித்தால் அன்றிரவு டாஸ்மாக் வாசலில்தான் முடியும்.

நகர்ப்புற வீடற்றோருக்கான காப்பகங்களை மாநகராட்சிகள் தொண்டு நிறுவனங்கள் மூலம் நடத்துகின்றன. தங்கக் காசு கிடையாது. சென்னையில் 1913-க்கு அடித்தால் வழி சொல்வார்கள். ஆண், பெண், முதியோர், மனநலம் பாதித்தோர் என்று தனித்தனியே உண்டு. மனநல மருந்து சாப்பிடுபவரைப் பொதுக் காப்பகத்தில் விட்டால், மாத்திரை நேரத்துக்குப் போகிறதா என்று பார்க்க ஆளிருக்காது. காப்பாளரிடம் முன்கூட்டியே மூன்றைப் பேசிவிடுங்கள்: மாத்திரை யார் கையில், வேலைக்குப் போய் இரவு எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், ஒரு நாள் குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வீர்கள். ஆதார் எடுக்கவே இல்லையென்றால், அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் தலைவர் அதற்கான படிவத்தில் தரும் சான்றை வைத்து எடுக்கலாம். முதல் வாரத்திலேயே கேளுங்கள்.

ஊர் பெயர் தெரியாமல் அலைபவர் என்றால் காவல் நிலையம். 2017 சட்டப்படி அவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சில மாவட்டங்களில் இவர்களுக்கென்றே அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையம் இருக்கிறது. பெண்ணாக இருந்தால் 181-லும் சொல்லலாம்.

வெளியே வந்த பிறகு

டிஸ்சார்ஜ் சம்மரியை இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றைக் காப்பாளரிடம், ஒன்றை உங்களிடம் வையுங்கள். மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் தாலுகா மருத்துவமனைக்கு வரும் நாளைக் கேட்டு எழுதிக்கொண்டால், மாத்திரைக்காக மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏற வேண்டாம். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசும் ஏ.ஏ. கூட்டங்களுக்குக் கட்டணமில்லை. குடியை விடும் ஆசை இருந்தால் போதும். தமிழிலேயே நடக்கின்றன. அங்கே யாராவது “மனநல மாத்திரையும் போதைதான், நிறுத்து” என்றால், அதை மட்டும் காதில் வாங்க வேண்டாம். குடும்பத்தாருக்கு அல்-அனான் தனியே உண்டு.

கூலி கிடைக்கும் சனிக்கிழமை மாலையும், வீட்டு விசேஷமும்தான் சறுக்கும் இடங்கள். ஒரு நாள் குடித்துவிட்டால் மறுநாளே ஓ.பி.க்கு அழைத்துப் போங்கள். மனநல மாத்திரையைத் தானாக நிறுத்த விடாதீர்கள். தொடர்ந்து ஒரு வாரம் குடித்துவிட்டிருந்தால், “இன்றோடு விடு” என்று அதட்ட வேண்டாம். நடுக்கத்திலிருந்து மறுபடி வார்டில்தான் ஆரம்பிக்க வேண்டும். ஓ.பி.க்கு எழுதிய அந்தத் தாளில் தேதியையும் அளவையும் திருத்தினால் போதும்.