பிரிவு 106 பயிற்சிக்குப் பழைய கோப்பு ஒன்று போதும்

அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களுக்கு 1966-ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தில், குறிப்பாக அதன் பிரிவு 106-இல் (அரசின் வேலையோ நிதியோ வரலாற்று இடங்களைப் பாதிக்குமா என்று முன்கூட்டியே ஆராயச் சொல்லும் பிரிவு), பயிற்சி கொடுப்பவரா நீங்கள்? சட்ட வாசகத்தைத் திரையில் போட்டு வாசிக்காதீர்கள். மதியத்துக்குள் பாதிப் பேர் கைபேசிக்குள் போய்விடுவார்கள்.

முடிந்துபோன பழைய கோப்பு ஒன்றைக் கையில் கொடுங்கள். சாதாரண வேலையாக இருந்தால் இன்னும் நல்லது. உதாரணமாக, பழைய கட்டடத்தின் மர ஜன்னல்களைக் கழற்றிவிட்டு வினைல் ஜன்னல் பொருத்துவது. 'பராமரிப்பு வேலைதானே' என்பார்கள். ஆனால் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டுக்குத் தகுதியான கட்டடம் என்றால், இதுவே பாதகமான விளைவு என்று கணக்காகலாம். பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, தகுதி இருந்தாலே போதும். நிறைய பேர் சறுக்குவது இங்கேதான்.

அப்புறம் கோப்பில் தேதிகளைத் தேடச் சொல்லுங்கள். நிதிக்கு ஒப்புதல் தருவதற்கு முன்பே பிரிவு 106 ஆய்வு முடிந்ததா? துறை எடுத்த முடிவைப் பரிசீலிக்க மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அதிகாரிக்கு 30 நாள் கிடைத்ததா? தொடர்புள்ள பழங்குடி அரசுகளிடம் கலந்து பேசினார்களா?

கட்டடப் பிரிவினரை மட்டும் கூப்பிடாமல், ஒப்பந்தம், கொள்முதல் பார்ப்பவர்களையும் உட்கார வையுங்கள். வேலை உத்தரவு அவர்கள் மேசையைத் தாண்டித்தான் போகிறது.