ரோமானிய வெள்ளிக் காசு: எங்கே தவறிவிடுகிறோம்?

பழைய வெள்ளிக் காசு கையில் கிடைத்ததும் பலர் செய்கிற முதல் காரியம், புளி போட்டுத் தேய்ப்பது. குத்துவிளக்குக்கு அது சரி. காசைத் தேய்த்தால் கருமையோடு எழுத்தின் விளிம்பும் போய்விடும். அப்புறம் எதை வைத்துப் படிப்பது?

அதைவிடப் பெரிய தவறு, உருவத்தைப் பார்த்தவுடன் பெயர் வைத்துவிடுவது. கொங்கு நாட்டுப் புதையல்களில் நிறையக் கிடைத்த ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்து தினாரியஸையே (ரோமானிய வெள்ளிக் காசு) எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் இரண்டு பேர் நிற்கிறார்கள். நடுவே கேடயங்கள், ஈட்டிகள். "படைவீரர்கள்" என்று குறித்துவிடத் தோன்றும். ஆனால் அவர்கள் உடுத்தியிருப்பது டோகா, ரோமானியக் குடிமக்கள் உடம்பைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும் நீளத் துணி. சண்டைக்கு அதைக் கட்டிக்கொண்டு யாரும் போவதில்லை. அவர்கள் அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரன்கள், கையஸும் லூசியஸும். தனக்குப் பின் ஆள வேண்டும் என்று அவர் தத்தெடுத்த பிள்ளைகள். கேடயங்களுக்கு மேலே பொடிசாகத் தெரியும் கரண்டியும் வளைந்த கோலும் அவர்கள் வகித்த சமயப் பதவிகளின் அடையாளம். லூசியஸ் கி.பி. 2-லும் கையஸ் கி.பி. 4-லும் இறந்துபோனார்கள். வாரிசு விளம்பரம் மட்டும் கடல் தாண்டி இங்கே வந்து சேர்ந்தது.

எழுத்தும் ஏமாற்றும். இதே காசில் 'சி' என்பது கையஸைக் குறிக்கும். 'யு' வர வேண்டிய இடத்தில் 'வி' இருக்கும். அது அச்சுப்பிழை அல்ல, லத்தீன் வழக்கம். அகஸ்டஸுக்குப் பின் ஆண்ட திபேரியஸின் காசில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைச் சுற்றி 'பொன்டிஃப் மாக்சிம்' என்று ஓடும். அது அவள் பெயரில்லை, தலைமைப் பூசாரி என்ற பேரரசரின் பட்டம். அவளை அவர் தாய் லிவியா என்பார்கள். ஆனால் காசில் அப்படி எங்கும் எழுதியில்லை.

உருவம் ஓரமாக ஒதுங்கியிருந்தால் போலி என்று ஒதுக்காதீர்கள். சம்மட்டியால் கையடியாக அடித்த காசு அப்படித்தான் இருக்கும். எடையிலும் அவசரம் வேண்டாம்: அகஸ்டஸ் காலத்தில் 3.9 கிராம் அளவில் இருந்த தினாரியஸை, கி.பி. 64-ல் நீரோ 3.4 கிராம் அளவுக்குக் குறைத்துவிட்டார்.

சந்தேகம் இருந்தால் காசின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். சுற்றிலும் ஒட்டுக்கோடு ஓடினால் அது பெரும்பாலும் அச்சில் வார்த்த போலி. காசிலேயே 'கி.மு.' என்று ஆண்டு போட்டிருந்தால் விளிம்பு வரைக்கும் போக வேண்டியதே இல்லை.