பழைய வயல் வீட்டோடு புதுக்கட்டு சேர்ப்பது எப்படி

பர்மாவில் மோன் மாநிலத்திலும் பெகு பக்கமும் நம் ஆட்களின் வயல் வீடுகள் பெரும்பாலும் ஒரே அச்சுதான். தரையிலிருந்து 5 அடி உயரத்தில் மரக்கால்கள் மேல் பலகைத் தளம், பலகைச் சுவர், மேலே தகரம். தாத்தா காலத்தில் ஆறேழு பேருக்கு எழுப்பியது. மகன்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று தலை கூடியதும், பழைய கூரையை அப்படியே நீட்டிச் சாய்ப்பு இறக்கிவிடலாம் என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். மரம் வாங்கப் போவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பழைய இறவாணம் தரையிலிருந்து 13½ அடி என்று வைப்போம். சாய்ப்பின் மேல் விளிம்பு அதற்குள் நுழைய அரை அடி விட வேண்டும். மோல்மீன் பக்கம் வருஷ மழை 4,500 மில்லிமீட்டருக்கு மேல். ஜூலை, ஆகஸ்டில் மாதத்துக்கு 1,000 தாண்டும். அந்த மழைக்குத் தகரம் 5 அடிக்கு 1 அடியாவது சரிய வேண்டும். 14 அடி ஆழ அறைக்குச் சரிவே கிட்டத்தட்ட 3 அடி. ஆக வெளிச்சுவர் தரையிலிருந்து 10 அடி சொச்சம். அதில் தளம் 5 அடியைத் தின்றுவிட்டால் உள்ளே நிற்க 5 அடி சொச்சம்தான் மிச்சம். தளத்தை இறக்கினால் நடுவில் மூன்று படி, கிழவி தடுக்கி விழுவாள். சரிவைக் குறைத்தால் ஆடி மாதம் முழுக்க அண்டாவும் குண்டாவும் ஒழுகலுக்கு வைக்க வேண்டியிருக்கும். 8 அடி ஆழத்துக்குள் ஒரு திண்ணையோ தானியம் கொட்டும் இடமோ போதுமென்றால் சாய்ப்பு சரி. குடும்பம் படுத்துறங்க அது ஆகாது.

இரண்டாவது தவறு, பழைய கூரையை ஒட்டியே இன்னொரு முகடு போட்டு, இரண்டும் சேரும் பள்ளத்தில் ஓடைத் தகரம் வைப்பது. இலை விழுந்து அடைக்கும், தகரம் துருப்பிடிக்கும், தண்ணீர் நேரே பழைய உத்தரத்தில் இறங்கும்.

புதுக்கட்டு தன் காலில் தானே நிற்க வேண்டும். பழைய கால் வரிசையிலிருந்து 5 அடி தள்ளித் தனிக் கால், தனிக் கூரை. நடுவில் 4 அடி அகலத்தில் கூரையிட்ட ஒரு நடைபாலம். இந்த இடைவெளி மழைக்கு மட்டுமல்ல. பழைய கால்கள் பல வருஷமாக மண்ணில் அமுங்கி நின்றுவிட்டவை. புதியவை முதல் மழைக்காலத்தில் கால் அங்குலமோ அரை அங்குலமோ இறங்கும். இரண்டையும் சேர்த்து ஆணியடித்தால் பலகை பிளக்கும். பூமி அதிர்ந்தாலும் அப்படியே. சகாயிங் பிளவு என்கிற நிலநடுக்கக் கோடு பெகுவை ஒட்டித்தான் போகிறது. 1930 மே 5-இல் பெகுவை இடித்ததும், 2025 மார்ச் 28-இல் மண்டலே பக்கம் 7.7 அளவில் குலுக்கியதும் அதே பிளவுதான். எடை வேறான இரண்டு கட்டடம் வேறு வேறு வேகத்தில் ஆடும். கட்டிப்போட்டால் ஒன்றை ஒன்று இழுக்கும்.

பழைய வீட்டை முதலில்

ஒவ்வொரு காலையும் மண் தொடும் இடத்தில் அரையடி தோண்டி, திருப்புளியால் குத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்தக் கால் அழுகியது. மரம் மண்ணுக்குள் ஆழத்தில் சீக்கிரம் கெடாது. ஈரமும் காற்றும் சேரும் தரைமட்டத்தில்தான் கெடும். பக்கத்து உத்தரத்துக்கு அடியில் பலகை போட்டு ஜாக்கி வைத்து, கால் அங்குலம் மட்டும் தூக்குங்கள். அதிகம் தூக்கினால் மேலே சுவர்ப் பலகை வாய் பிளக்கும். கெட்டதற்கு ஒரு அடி மேலே நல்ல மரம் வரை அறுத்து, கீழே கான்கிரீட் கட்டை வார்த்து, பட்டை இரும்பால் பிடியுங்கள். புதுக்கட்டு எழும்பிய பிறகு அந்தப் பக்கம் ஜாக்கி வைக்கவே இடமிருக்காது. அதனால் இதுதான் முதல் வேலை.

காலமும் காகிதமும்

ஐப்பசி, கார்த்திகையில் மரம் வாங்கி அடுக்குங்கள். அறுவடை முடியும்வரை கூலிக்கு ஆள் வராது. தை பிறந்ததும் குழி, மாசியில் மரச்சட்டம், பங்குனிக்குள் தகரம். ஏப்ரல் நடுவில் திஞ்சான் (பர்மியப் புத்தாண்டு) வந்தால் தச்சரும் கொத்தரும் ஊருக்குப் போய்விடுவார்கள். திரும்பி வருவதற்கும் மே நடுவில் மழை பிடிப்பதற்கும் சரியாயிருக்கும்.

வயலில் கட்டுவதானால் 2012 பண்ணை நிலச் சட்டப்படி அனுமதி வேண்டும். படிவம் 7 கையில் இருப்பது பயிர் செய்யும் உரிமைக்குத்தான், வீடு கட்ட அல்ல. பழைய வீட்டு மனை எல்லைக்குள் புதுக்கட்டு அடங்குகிறதா என்று கிராம நிர்வாகியை வைத்துக்கொண்டே அளந்துவிடுங்கள். மரத்துக்குச் சீட்டு வாங்காமல் வண்டி ஏற்றாதீர்கள்.

அளவும் மரமும்

இங்கே சொல்வது 24 அடி நீளம், 14 அடி அகலக் கட்டுக்கு. 8 அடிக்கு ஒன்றாக நான்கு கால், அப்படி 7 அடி இடைவெளியில் மூன்று வரிசை, மொத்தம் 12 கால். நடு 8 அடி கூடம், இரு பக்கமும் ஒவ்வொரு படுக்கை அறை. நடு வரிசையின் உட்கால்கள் தடுப்புச் சுவருக்குள் மறைந்துவிடும், அறைக்கு நடுவில் கால் நிற்காது. குளியலறை, கழிப்பறையை மரத்தளத்தில் வைக்கவே வேண்டாம். தனியாகத் தரையில் செங்கல்லில் கட்டுங்கள். மூலை பார்க்கிற பெரியவர்கள் ஈசானியம் கேட்பார்கள், சாமி அறைக்குக் கொடுத்துவிடலாம். கழிவுத் தொட்டி மட்டும் கிணற்றுக்கு 50 அடி தள்ளி, தாழ்ந்த பக்கம்தான் போக வேண்டும்.

கால், உத்தரம், தளச்சட்டம் மூன்றும் பிங்கடோ. தண்ணீரில் போட்டால் மூழ்கும் மரம். கறையான் எளிதில் அண்டாது. துளை போடாமல் ஆணி அடித்தால் ஆணி வளையும், இல்லையேல் சட்டத்தின் நுனி பிளக்கும். ஆணியைவிடக் கொஞ்சம் சிறிய துரப்பணம் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு இப்படி வரும்:

கால் 6×6 அங்குலம், 13 அடி: 12
உத்தரம் 6×3, 15 அடி: 4
தளச்சட்டம் 5×2, 9 அடி: 33
தலைச்சட்டம் (கால்களின் தலைமேல் நீளவாக்கில் ஓடுவது) 5×3, 24 அடிக்கு இரண்டு வரிசை
குறுக்குக் கட்டு 6×2, 15 அடி: 4
கைமரம் 4×2, 10 அடி: 14
ரீப்பர் 3×2: 280 அடி

இது மட்டும் 97 கன அடி, அதாவது 50 கன அடியை ஒரு டன்னாக எண்ணும் மரக்கணக்கில் ஏறக்குறைய 2 டன். முகட்டுச் சட்டமும் சாய்கால்களும் இதற்கு மேல். தளத்துக்கு 1 அங்குலப் பலகை கழிவு சேர்த்து 370 சதுர அடி. சுவர்ப் பலகை தனி. தளச்சட்டத்துக்கு 4×2 போதும் என்று மரக்கடையில் சொல்வார்கள். உடையாது, உண்மைதான். ஆனால் நாலு பிள்ளைகள் ஓடினால் அலமாரிக் கண்ணாடி கிணுகிணுக்கும். 5×2 வாங்குங்கள்.

பச்சை மரத்தை அப்படியே அடித்தால் மூன்றே மாதத்தில் பலகைக்கு இடையே காசு விழும் சந்து விடும். நிழலில், தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி, ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே 1 அங்குலக் குச்சி கொடுத்து இரண்டு, மூன்று மாதம் அடுக்கி வைத்தால் பெரும்பாதி ஈரம் போய்விடும். குச்சிகள் மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். தவறினால் பலகை முறுக்கிக்கொள்ளும்.

அஸ்திவாரம்

கயிறு கட்டியதும் குறுக்கே மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டும் 27 அடி 9½ அங்குலத்துக்கு ஒரு நூல் (⅛ அங்குலம்) குறைவாக, ஒன்றுபோல் வந்தால் சதுரம் சரி. மட்டத்துக்கு நீளமான தெளிந்த குழாயில் தண்ணீர். குழாய்க்குள் குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும், தட்டி வெளியேற்றுங்கள்.

குழி 3 அடி சதுரம், 3½ அடி ஆழம். வயல் மண் என்றால் கரம்பைக்குக் கீழே கெட்டி மண் வரும்வரை போங்கள். அடியில் 1:3:6 கலவை (சிமெண்டு, மணல், ஜல்லி) 3 அங்குலம். அதன்மேல் 2½ அடி சதுரத்தில் 9 அங்குலப் பாதம், 12 மி.மீ. கம்பி இரு பக்கமும் 6 அங்குலத்துக்கு ஒன்று. பாதத்திலிருந்து 10 அங்குலச் சதுரக் கட்டை தரைக்கு மேல் 1½ அடி வரை. நான்கு 12 மி.மீ. கம்பி, 6 அங்குலத்துக்கு ஒரு ரிங். கலவை 1:2:4. பன்னிரண்டுக்கும் சேர்த்து 50 கிலோ சிமெண்டு 22 மூட்டை, மணல் 60 கன அடி, முக்கால் அங்குல ஜல்லி 110 கன அடி. கடல் பக்கத்து மணலை நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் வேண்டாம், கம்பியைத் தின்றுவிடும். கலவையில் தண்ணீர் கூட்டினால் கொட்டச் சுலபம், ஆனால் காய்ந்ததும் உதிரும். அள்ளிப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், அந்த அளவு போதும். ஏழு நாள் ஈரச் சாக்கு சுற்றி வையுங்கள். மாசி வெயில் பொல்லாதது.

கட்டை ஈரமாக இருக்கும்போதே 2 அங்குல அகலம், கால் அங்குலக் கனத்தில் பட்டை இரும்பு இரண்டை 9 அங்குலம் புதைத்து 9 அங்குலம் வெளியே விடுங்கள். இரண்டுக்கும் நடுவே சரியாக 6 அங்குலம். ஒரு துண்டுக் காலையே வைத்து அளந்து நிறுத்துவது நல்லது. காலை இறக்குமுன் கட்டை மேல் தகரத் தொப்பி போட்டு, விளிம்பை 2 அங்குலம் வெளியே நீட்டிச் சாய்த்து மடக்குங்கள். கறையான் சிமெண்டைத் தின்னாது, அதன்மேல் மண்குழாய் கட்டித்தான் ஏறும். மடிப்பைத் தாண்ட அது வெளியே வந்தாக வேண்டும், கண்ணில் பட்டுவிடும். பிறகு காலை இரண்டு பட்டைக்கும் நடுவே நிறுத்தி, குறுக்கே அரை அங்குல போல்ட் இரண்டு.

மரச்சட்டம்

உத்தரத்தைக் காலில் 1 அங்குலம் வெட்டி உட்கார வைத்து போல்ட் போடுங்கள். வெறும் ஆணியில் தொங்கவிடக்கூடாது. தளச்சட்டம் 17 அங்குலத்துக்கு ஒன்று. உத்தரத்தின் மேல் நுனிக்கு நுனி முட்டாமல் பக்கவாட்டில் ஒன்றோடொன்று தாண்டிப் போகட்டும். தளம் பழைய வீட்டுத் தளத்தைவிட அரை அங்குலம் உயர்வாக இருக்கட்டும், இறங்கிய பின் சரியாகும்.

தளத்துக்குக் கீழே நாலு பக்கமும் 45 பாகையில் 4×2 சாய்கால் கட்டாயம். மேலே கனமும் கீழே வெறும் கால்களுமாக நிற்கும் வீடுதான் அதிர்ச்சியில் முதலில் சாயும். சைக்கிளும் கலப்பையும் வைக்க இடைஞ்சல் என்று வீட்டார் கழற்றச் சொல்வார்கள், விடாதீர்கள். கீழ்த்தளத்தை அடைக்கக் கால்களுக்கு நடுவே முழுச் செங்கல் சுவர் எழுப்புவதும் ஆபத்து. மரம் வளையும், செங்கல் வளையாது, உதிர்ந்து விழும். 3 அடி உயரம் செங்கல், மேலே மூங்கில் தட்டி போதும்.

கூரை

14 அடி அகலத்துக்கு முகடு 3 அடி உயரம், இறவாணம் நாலு பக்கமும் 2 அடி நீட்டம். 10 அடித் தகரம் வெட்டாமல் பொருந்தும். ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது போக 2 அடி மறைக்கும் தகரமானால் பக்கத்துக்கு 14, மொத்தம் 28. முகட்டுத் தகரம் 6 அடியில் 6. மழைக்காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. ஆகவே வடகிழக்கு நுனியில் தகரம் போட ஆரம்பியுங்கள், அடுத்தடுத்த தகரத்தின் விளிம்பு காற்றுக்கு முதுகு காட்டும். திருகு அலையின் மேட்டில், ரப்பர் வாஷரோடு. ரப்பர் பிதுங்கும்வரை முறுக்கினால் இரண்டு வருஷத்தில் வெடித்து ஒழுகும். இறவாணத்திலும் முகட்டிலும் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு திருகு, நடுவில் ஒன்று விட்டு ஒன்று. காற்று தகரத்தை அழுத்திப் பிய்ப்பதில்லை, விளிம்பில் தூக்கித்தான் பிய்க்கும். 2008-இல் நர்கிஸ் புயல் அடித்தபோது ஐராவதிக் கழிமுகம் முழுக்கக் கூரை பறந்தது. கைமரத்தைத் தலைச்சட்டத்தோடும், தலைச்சட்டத்தைக் காலோடும் 1 அங்குலப் பட்டைத் தகடு சுற்றிக் கட்டுங்கள்.

நடைபாலம்

பாலத்தின் சட்டங்கள் புதுக்கட்டில் போல்ட் போட்டுப் பிடித்தவை. பழைய வீட்டுப் பக்கம் ஒரு தாங்குசட்டத்தின் மேல் 4 அங்குலம் சும்மா உட்கார்ந்திருக்கும். அந்தப் பக்கம் ஆணி கூடாது, நுனிக்கும் சுவருக்கும் 2 அங்குலம் சந்து விடுங்கள். சந்தை மூடும் வாசல் பலகையை ஒரு ஓரத்தில் மட்டும் அடியுங்கள். பாலத்தின் கூரை இரண்டு இறவாணத்துக்கும் கீழே ஒவ்வொரு அடி நுழைந்து, பக்கவாட்டில் சரிய வேண்டும். வீட்டை நோக்கிச் சரிந்தால் சுவருக்குள் தண்ணீர்.

1 அங்குல மழைக்கு இரண்டு கூரையின் உட்பக்கமும் சேர்ந்து இரண்டு கட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் 1,200 லிட்டர் வரை கொட்டும். கீழே 12 அங்குல அகலச் சிமெண்டு வாய்க்கால், 10 அடிக்கு 1 அங்குலச் சாய்வு. இருபுறமும் உடைகல் பரப்பினால் சேறு தெறித்துக் காலில் ஒட்டாது. வாய்க்காலை நாற்றங்கால் பக்கம் திருப்பிவிடலாம், கிணற்றுப் பக்கம் மட்டும் வேண்டாம்.

மரம் சுருங்கும், போல்ட் தளரும். முதல் மழைக்காலம் முடிந்ததும் கீழே ஒவ்வொரு போல்ட்டையும் சாவி போட்டு முறுக்குங்கள். அடுத்த கோடையில் இன்னொரு தடவை. பாலத்துச் சந்து 2 அங்குலம் இருந்தது ஒரு பக்கம் ஒன்றாகவும் மறுபக்கம் மூன்றாகவும் தெரிந்தால், ஏதோ ஒரு கால் மற்றதைவிட அதிகம் இறங்கியிருக்கிறது. தண்ணீர்க்குழாயை எடுத்து எது என்று பார்த்து, உத்தரத்துக்கும் காலுக்கும் நடுவே பிங்கடோ ஆப்பு கொடுத்துச் சரிசெய்யுங்கள்.