படகு வரும் நேரத்துக்குப் போங்கள்: கூட்டம் எட்டாத மீன்பிடி ஊரைப் பார்க்க ஒரு வழிகாட்டி

மீன்பிடி ஊருக்குப் போய்விட்டு வந்து "அங்கே ஒன்றுமே இல்லை, நாலு படகு நின்றது, ஒரு நாய் தூங்கியது" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் காலை பத்தரைக்குப் போய் இறங்கியவர்கள். அந்த ஊரின் நாள் அதற்குள் முடிந்திருக்கும். படகு கரையேறி, மீன் ஏலம் போய், ஐஸ் வண்டி கிளம்பி, துறையைக் கழுவிவிட்டு ஆட்கள் படுக்கப் போயிருப்பார்கள். இப்படிப்பட்ட ஊரில் சீட்டு வாங்கிப் பார்க்கிற இடம் எதுவும் இருக்காது. பார்க்க இருப்பது வேலை மட்டும்தான், அந்த வேலை கடலின் கடிகாரத்தில் ஓடுகிறது. திட்டத்தைப் பேருந்து நேரத்திலிருந்து தொடங்காமல் கடல் ஏறி இறங்கும் நேரத்திலிருந்து தொடங்குங்கள்.

ஊரைக் கண்டுபிடிப்பது

"யாருக்கும் தெரியாத கடலோர ஊர்கள்" என்ற பட்டியலில் இருக்கும் ஊர் எல்லோருக்கும் தெரிந்த ஊர். அதை விட்டுவிட்டு, செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து கரையோரமாகவே நகர்த்திக்கொண்டு போங்கள். வரிசையாக நிற்கும் படகுகள், மணலில் விரித்த வலைகள், கரையை ஒட்டி ஐஸ் ஆலை போன்ற தகரக் கொட்டகை தெரிந்தால் அது தொழில் நடக்கும் ஊர். தண்ணீரைப் பார்த்தபடி குடை நாற்காலிகள் வரிசை கட்டியிருந்தால் நீங்கள் தாமதம். படம் எடுத்த தேதியையும் பாருங்கள். ஆற்று முகத்துவாரத்து மணல் திட்டுகள் ஒரே பருவத்தில் இடம் மாறிவிடும்.

அந்தப் படத்திலேயே படகு எங்கே நிற்கிறது என்று கவனித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஊரின் நேரம் அதைப் பொறுத்தது. மணலில் ஏற்றி வைத்திருந்தால், அலை தணிந்திருக்கும் வேளையில்தான் படகு போகும், வரும். முகத்துவாரத்துக்கு உள்ளே நின்றால், ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல்மேடு இருக்கும். கடல் ஏறி மேட்டின் மேல் ஆழம் கிடைக்கும்போதுதான் படகு உள்ளே நுழைய முடியும். அலைதடுப்புச் சுவருக்குள் ஆழமான துறைமுகம் என்றால் ஏறத்தாழ எந்நேரமும் வரலாம், அங்கே ஏல நேரமே கணக்கு.

எந்த நாள்

மீன்பிடித் தடைக்காலம் உண்டா, எப்போது என்று முதலில் பாருங்கள். பல நாடுகளில் மீன் முட்டையிடும் காலத்தில் படகுகளைக் கரையில் நிறுத்திவிடுவார்கள். அந்த நாட்களில் வலை பின்னுவதையும் படகுக்குச் சாயம் அடிப்பதையும் நிதானமாகப் பார்க்கலாம். மீனைப் பார்க்க முடியாது. வாரத்தில் ஒரு நாள் கடலுக்குப் போகாத வழக்கமும் பல ஊர்களில் இருக்கிறது.

நிலவையும் பாருங்கள். விளக்கு வெளிச்சத்தால் மீனைக் கூட்டிப் பிடிக்கும் படகுகளுக்குப் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வேலை மந்தம். வானமே வெளிச்சமாக இருக்கும்போது விளக்குக்கு மீன் ஏன் வரும்? இரவில் மிதக்க விடும் செவுள் வலைக்கும் (மீன் செவுளில் மாட்டிக்கொள்ளும் வலை) இருட்டுதான் வசதி, நிலவொளியில் மீன் வலையைக் கண்டு விலகிவிடும். அதனால் இந்த வகைத் தொழில் நடக்கும் ஊர் என்றால் அமாவாசைப் பக்கமாகப் போங்கள்.

கடல் ஏற்றத்தைப் படிப்பது

பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதாவது இன்று காலை 6 மணிக்கு உச்சம் என்றால் நாளைக்கு 6.50 வாக்கில். மூன்று நாள் கழிந்தால் இரண்டரை மணி நேரம் தள்ளிப்போயிருக்கும். "நேற்று இந்த நேரத்துக்குப் படகு வந்ததே" என்று காத்து நிற்பவர்கள் ஏமாறுவது இதில்தான்.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓரிரு நாள் கழித்து ஏற்றமும் இறக்கமும் மிக அதிகம். பாதி நிலவு நாட்களை ஒட்டி மிகக் குறைவு. அளவு கரைக்குக் கரை வேறு. மத்தியதரைக் கடலின் பல கரைகளில் வேறுபாடு கண்ணுக்கே தெரியாது, கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீட்டர் வரை போகும். ஏற்றம் ஒரே சீராகவும் நடப்பதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், முதல் மணியில் 1 பங்கு, பிறகு 2, 3, 3, 2, கடைசியில் 1. மொத்த வேறுபாடு 6 மீட்டர் என்றால் மூன்றாவது மணியில் மட்டும் ஒன்றரை மீட்டர் ஏறிவிடும். முதல் மணியைப் பார்த்து "மெதுவாகத்தானே ஏறுகிறது" என்று கணக்குப் போடுவதுதான் ஆபத்து. அகன்ற சேற்று வெளிகளில் தண்ணீர் முன்னால் இருந்து மட்டும் வராது, பின்னால் இருக்கும் ஓடைகள் வழியே வந்து கரையிலிருந்து உங்களைத் துண்டித்துவிடும். இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடாவில் 2004 பிப்ரவரி 5 இரவு, சிப்பி பொறுக்கப் போன தொழிலாளர்களில் குறைந்தது 21 பேர் ஏறிவந்த கடலில் சிக்கி இறந்தார்கள்.

ஓத அட்டவணையில், அதாவது கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியலில், மூன்று இடத்தில் தவறு நேரும். ஒன்று, அது பக்கத்துப் பெரிய துறைமுகத்துக்கானதாக இருக்கலாம். உங்கள் ஊருக்கு எத்தனை நிமிடம் கூட்டிக் கழிக்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். இரண்டு, கோடைக்காலத்தில் கடிகாரத்தை முன்னே தள்ளும் நாடுகளில் சில அட்டவணைகள் பழைய நேரத்திலேயே அச்சாகியிருக்கும். மூன்று, அதிலுள்ள மீட்டர் கணக்கு கடல்வரைபடத்தின் அடிமட்டத்திலிருந்து (கடல் மிகவும் இறங்கி நிற்கும் மட்டத்தை ஒட்டியது) எவ்வளவு உயரம் என்பதைச் சொல்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தின் ஆழம் அது இல்லை.

காற்று

வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, முற்பகலில் கடலிலிருந்து காற்று எழும். பிற்பகலில் அது வலுக்கும். இரவில் தரை குளிர்ந்து காற்று திசை மாறும், விடிந்த பிறகு ஓயும். சிறு படகுகள் இருட்டோடு கிளம்பி, கடல்காற்று வலுப்பதற்குள் திரும்புவதற்கு இது முக்கியக் காரணம். முன்னறிவிப்பில் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் காற்று என்றால் கடலில் வெள்ளை நுரைத் தலைகள் பரவலாகத் தெரியும். சிறு படகுக்காரர்கள் பலர் யோசிப்பார்கள். முந்தின நாள் மாலை அவர்கள் படகை வழக்கத்தைவிட மேலே இழுத்துக் கட்டினால், மறுநாள் அலாரம் வைக்க வேண்டியதில்லை.

முந்தின நாள் மாலை

குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். முதல் நாள் பிற்பகலுக்குள் போய்ச் சேர்ந்து துறையை ஒரு முறை சுற்றிவந்துவிடுங்கள். வலை சரிசெய்துகொண்டிருப்பவர்தான் கேட்பதற்குச் சரியான ஆள். கை வேலையாக இருந்தாலும் வாய் சும்மாதான் இருக்கும். "நாளைக்குப் படகு எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்காதீர்கள். அது அவருக்கே தெரியாது, மரியாதைக்கு ஏதோ ஒரு நேரம் சொல்வார். "இன்றைக்கு எப்போது வந்தது? நாளைக்குக் கடலுக்குப் போகிறார்களா? மீனை எங்கே இறக்குவார்கள்?" என்று கேட்டால் மூன்றுக்கும் உறுதியான பதில் கிடைக்கும். அவர் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகவே போய் நில்லுங்கள்.

தங்கும் இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. துறைக்கு மிக அருகில் என்றால் அதிகாலை மூன்று மணிக்கு இயந்திரச் சத்தம், காற்று திரும்பினால் கருவாட்டு வாசம். அதற்குத்தானே போகிறீர்கள்! சில்லறையாகப் பணம் கொண்டுபோங்கள், இரவுச் சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், திரும்பும் கடைசி வண்டி நேரத்தை இறங்கியவுடனே கேட்டுவிடுங்கள்.

துறையில் நிற்பது

படகு வந்த முதல் அரைமணி நேரம் வெயிலோடு ஓட்டப்பந்தயம். மீன் ஐஸுக்குள் போகும்வரை யாருக்கும் உங்களோடு பேச நேரம் கிடையாது. சுவரை ஒட்டி, பெட்டிகள் போகும் பாதையை விட்டு விலகி நில்லுங்கள். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட மூடிய காலணி வேண்டும். சரிவுத் தளத்தில் கடல் ஏறும் மட்டத்துக்குக் கீழே சிமெண்ட் பச்சையாகவோ கறுப்பாகவோ இருக்கும், அது பாசி. அந்தக் கோட்டைத் தாண்டினால் வழுக்காமல் நிற்பது அதிர்ஷ்டம்.

படகைக் கட்டிய கயிறு இறுகி நிற்கும்போது அதைத் தாண்டாதீர்கள், அதன் நேர்கோட்டிலும் நிற்காதீர்கள். அறுந்தால் சாட்டைபோல் திரும்பி வந்து எலும்பை முறிக்கும். படகை மணலில் இழுக்கும் விஞ்சின் (கம்பியைச் சுற்றி இழுக்கும் உருளை இயந்திரம்) கம்பிக்கும் இதே விதி. தரையில் சுருண்டு கிடக்கும் கயிற்று வளையத்துக்குள் கால் வைக்கக்கூடாது. விரித்த வலையின் மேல் நடப்பது மரியாதைக் குறைவு மட்டுமில்லை, கண்ணி அறுந்தால் ஒருவருடைய நாள் கூலி போகும். ஆயிரங்கால் தூண்டில் (ஒரே நீளக் கயிற்றில் வரிசையாகக் கட்டிய தூண்டில்) கூடைகளைக் குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான தூண்டில் முட்கள் இருக்கலாம்.

கழித்துப் போட்ட மீனைக் கையால் எடுத்துப் பார்க்கும் ஆசை பலருக்கு வரும். கெளிறு, திருக்கை, தேள்மீன் முட்களில் விஷம் உண்டு, செத்த மீனின் முள்ளும் குத்தும். குத்திவிட்டால் அந்த இடத்தைச் சுமார் 45 டிகிரி சூட்டு நீரில் 30 முதல் 90 நிமிடம் வைத்திருந்தால் வலி குறையும். சூட்டைக் குத்துப்படாத கையால் சோதித்துக்கொள்ளுங்கள். வலியில் மரத்த கைக்குப் பொசுங்குவதும் தெரியாது. முள் உள்ளே ஒடிந்திருந்தாலும், மார்பிலோ வயிற்றிலோ குத்தியிருந்தாலும் பிடுங்காமல் மருத்துவரிடம் போங்கள்.

படம் எடுக்க முகம் பார்த்துக் கேளுங்கள். படகின் பதிவு எண்ணும் பிடிபட்ட மீனும் சேர்ந்து விழும் படத்தைப் பொதுவில் போடாதீர்கள், யாருக்கு எந்தச் சிக்கல் வரும் என்று உங்களுக்குத் தெரியாது. ஏலத்தில் வாங்குபவர்களுக்குப் பின்னால் நின்று, கையையும் தலையையும் அசைக்காமல் இருங்கள். பல ஏலங்களில் ஒரு தலையசைப்பே விலை.

படகில் ஏறுவதும் கடலில் இறங்குவதும்

யாராவது கூட்டிப்போகச் சம்மதித்தால், கரையிலேயே மூன்றைப் பேசி முடியுங்கள்: எவ்வளவு பணம், எத்தனை மணி நேரம், நடுவில் திரும்ப வேண்டும் என்றால் திரும்புவாரா. தொழில் படகில் வெளியாட்களை ஏற்றுவது பல நாடுகளில் உரிமத்துக்கு விரோதம், அப்படியானால் அவரை வற்புறுத்தாதீர்கள். மிதவைச் சட்டையைப் போட்டு, தோள்பட்டையைப் பிடித்து ஒருவர் மேலே தூக்கட்டும். முகவாய்க்கு மேல் ஏறினால் அளவு சரியில்லை, தண்ணீரில் கழன்றுவிடும். வாந்தி மாத்திரையை ஏறியபின் போட்டுப் பயனில்லை, முன்னதாகவே போட வேண்டும். ஆட்டம் குறைவான இடம் படகின் நடுப்பகுதி. படகுக்கும் துறைச் சுவருக்கும் இடையே ஒருபோதும் கையை நீட்டாதீர்கள்.

குளிக்கும் ஆசை இருந்தால், எங்கே இறங்கக்கூடாது என்று முதலில் கேளுங்கள். அலை உடையும் வெண்கோட்டின் நடுவே ஒரு துண்டு மட்டும் உடையாமல், கருமையாக, அமைதியாகத் தெரிந்தால் அங்கேதான் தண்ணீர் கடலுக்குள் திரும்பி ஓடுகிறது. குளிக்க அதுவே நல்ல இடம் என்று தோன்றும். அலைதடுப்புச் சுவரை ஒட்டியும் இப்படி ஓட்டம் உண்டு. இழுத்தால் எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடம் வந்ததும் கரைக்குத் திரும்புங்கள். நீந்த முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையை உயர்த்துங்கள். கடல் இறங்கும் நேரத்தில் முகத்துவாரத்தில் இறங்கவே வேண்டாம். அலைதடுப்புப் பாறைகளில் ஏறுவதற்கு முன் கால் மணி நேரம் நின்று பாருங்கள்; பெரிய அலைகள் இடைவெளி விட்டுக் கூட்டமாக வரும், பாறை ஈரமாக இருக்கிறது என்றால் அங்கே அலை வந்து போயிருக்கிறது. வலுவான நில அதிர்ச்சியை உணர்ந்தாலோ, கடல் திடீரென்று வெகுதூரம் உள்வாங்கினாலோ வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓடுங்கள், பல மணி நேரம் இறங்காதீர்கள்.

மீன் வாங்குவது

இதைக் கிளம்பும் நாள் காலைக்கு வையுங்கள். ஏலத்தில் பெட்டி பெட்டியாகத்தான் போகும், ஒரு கிலோ கேட்டால் சிரிப்பார்கள். ஏலம் எடுத்தவரிடமோ, பக்கத்தில் சில்லறையாக விற்பவரிடமோ கேளுங்கள். எடையில் ஐஸும் தண்ணீரும் சேர்த்தியா என்று கேட்பதில் தப்பில்லை. புதிய மீனின் செவுள் சிவந்திருக்கும், சதையை அழுத்தினால் பள்ளம் நிற்காது, கடல் வாசம்தான் வரும், அமோனியா நெடி வராது. கண் மங்கியிருப்பதை மட்டும் வைத்துக் கழிக்காதீர்கள், ஐஸ் நேரே பட்டாலும் மங்கும். சூரை, கானாங்கெளுத்தி போன்றவை சில மணி நேரம் வெயிலில் கிடந்தாலே, ஒவ்வாமை போன்ற உபாதை தரும் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்துவிடலாம். அதைச் சமைத்தாலும் போகாது. வாயில் மிளகுபோல் சுரீரென்றால் அந்தக் கவளத்தோடு நிறுத்திவிடுங்கள்.

வெக்கையான ஊரில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். கட்டியாக அல்லாமல் உடைத்த ஐஸ், அடியில் ஒரு அடுக்கு, மீன், மேலே மறுபடி ஐஸ். குடலை எடுத்துக் கழுவிய மீன் என்றால் வயிற்றுக்குள்ளும் அடையுங்கள். உருகிய தண்ணீரில் மீன் ஊறக்கூடாது, பெட்டியின் அடைப்பை வழியில் இரண்டு முறை திறந்து வடித்துவிடுங்கள். பேருந்தில் போகிறவர்கள் வடிப்பதற்கு முன் பக்கத்து இருக்கைக்காரரின் பை கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.