எல்லை ஆறுகளில் 100 ஆண்டு வெள்ளத்தைக் கணிப்பது எப்படி?

ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் வரும் பொன்னை ஆற்றில் பாலம் கட்ட 100 ஆண்டு வெள்ளம் தெரிய வேண்டும். அதாவது, எந்த ஓர் ஆண்டிலும் தாண்டப்பட 1 சதவீதமே வாய்ப்புள்ள அளவு. கையில் இருப்பதோ 25 ஆண்டுக் கணக்கு. அதை மட்டும் நம்பி வளைகோட்டை நீட்டினால் ஒரே ஒரு பெருவெள்ளம் விடையைப் புரட்டிப் போட்டுவிடும். அக்கம்பக்கத்து நிலையங்களையும் சேர்த்துக்கொள்வதே வழி. 100 ஆண்டு வெள்ளத்துக்கு எல்லா நிலையங்களின் ஆண்டுகளையும் கூட்டினால் 500 வருவது நல்லது.

ஒவ்வொரு நிலையத்திலும் ஆண்டுக்கு ஓர் உச்ச அளவை எடுங்கள். ஆண்டு என்பது ஜூன் முதல் மே வரை. ஜனவரியில் தொடங்கினால், டிசம்பர் கடைசியில் வந்த ஒரே வெள்ளம் இரண்டு ஆண்டுகளில் பதிவாகிவிடும். வினாடிக்கு இத்தனை என்ற அளவுகளில் கனஅடியும் கனமீட்டரும் கலந்திருந்தால் 35.315 கனஅடி ஒரு கனமீட்டர் என்று மாற்றுங்கள். நீர்பிடிப்புப் பகுதியை மாநில எல்லையோடு வெட்டிவிடாதீர்கள். நகரி ஆற்றுக்கும் ஆரணி ஆற்றுக்கும் தண்ணீர் ஆந்திரப் பக்கத்திலிருந்தே வருகிறது. பிச்சாட்டூர், பூண்டி போன்ற அணைகளுக்குக் கீழே உள்ள அளவீடுகளை இயற்கை ஓட்டத்தோடு சேர்க்கக் கூடாது.

அடுத்து, ஒவ்வொரு அளவையும் அந்த நிலையத்தின் சராசரியால் வகுத்து, எல்-மொமன்ட் விகிதங்களைக் (அளவுகள் எவ்வளவு சிதறியுள்ளன, எந்தப் பக்கம் சாய்ந்துள்ளன என்று காட்டும் எண்கள்) கணக்கிடுங்கள். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் இதற்கென்றே தொகுப்பு உண்டு. 15 நிலையங்களோ அதற்கு மேலோ இருந்தால், மற்ற நிலையங்களோடு எவ்வளவு ஒத்துப்போகவில்லை என்று காட்டும் ஒவ்வா அளவு (discordancy) 3 அல்லது அதற்கு மேல் வரும் நிலையத்தைத் தோண்டிப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் சந்தேகிக்க வேண்டியது ஏரி உடைப்பை. சங்கிலி ஏரிகள் அடுத்தடுத்து உடைந்தால் மழைக்குப் பொருந்தாத உச்சம் பதிவாகும். உடைப்பு நடந்ததற்குச் சான்று இருந்தால் மட்டும் அதைத் தனியாக வையுங்கள். பெரிய எண் என்பதற்காகவே நீக்குவது மிகக் கெட்ட பிழை; கணிப்பே அந்த எண்ணில்தான் நிற்கிறது. தண்ணீரே வராத ஆண்டுகளையும் விடக் கூடாது: பூச்சிய ஆண்டுகளின் விகிதத்தைத் தனியே வைத்து, மீதிக்கு நிகழ்தகவுப் பரவலைப் பொருத்துங்கள்.

நிலையங்கள் தமக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் பன்மை அளவு (heterogeneity) 1-க்குக் கீழே இருந்தால் அந்த நிலையத் தொகுதி ஒருசீரானது. 2-ஐத் தொட்டால் தொகுதியைப் பிரித்துவிடுங்கள். வரைபடத்தில் அருகருகே இருப்பது மட்டும் போதாது. பரப்பு, மழை, சரிவு ஒத்திருக்க வேண்டும்.

பிறகு ஜி.இ.வி. (GEV, உச்ச அளவுகளுக்கான பரவல்) முதலிய பரவல்களைப் பொருத்திப் பாருங்கள். பொருத்த அளவு, கூட்டலானாலும் கழித்தலானாலும், 1.64-க்குள் இருந்தால் ஏற்கலாம். எடுத்துக்காட்டாக, தொகுதியின் எல்-மாறுபாடு (சிதறலைக் காட்டும் விகிதம்) 0.40, எல்-சாய்வு (சாய்வைக் காட்டும் விகிதம்) 0.30 என்றால் ஜி.இ.வி.யின் 100 ஆண்டுப் பெருக்கம், அதாவது வெள்ளம் சராசரியைப்போல் எத்தனை மடங்கு என்பது, 4.08. பாலம் கட்டும் இடத்தில் ஆண்டு உச்சங்களின் சராசரி வினாடிக்கு 300 கனமீட்டர் என்றால் விடை வினாடிக்கு 1,224 கனமீட்டர், சுமார் 43,200 கனஅடி.

அளவீடே இல்லாத இடத்தில் அந்தச் சராசரியை நீர்பிடிப்புப் பரப்போடு மடக்கைப் பொருத்தம் (இரண்டின் மடக்கைகளையும் ஒரு நேர்கோட்டில் பொருத்துவது) செய்து பெற வேண்டும். பிழை மிகுதியாக நுழைவது இங்கேதான். ஆகவே விடையை ஒற்றை எண்ணாகத் தராமல் மேல், கீழ் வரம்போடு தாருங்கள்.