பாசிட்ரோனியத்துக்கு ஹைட்ரஜன் கணக்கு போடாதீங்க

சுங்கை சிப்புட்ல ஃபார்ம் 6 பசங்களுக்கு பிசிக்ஸ் டியூஷன் எடுக்குறேன், சிலபஸ்ல இல்லாத கேள்விதான் அதிகம் வரும். போன வாரம் பாசிட்ரோனியம். எலக்ட்ரானும், அதோட பிளஸ் சார்ஜ் எதிர்த்துகளான பாசிட்ரானும் ஒண்ண ஒண்ணு சுத்துற ஜோடி, நடுவுல நியூக்ளியஸே கிடையாது. ஹைட்ரஜன் பழக்கத்துல கணக்கு போட்டு எல்லாரும் வழுக்கி விழுந்தாங்க.

பெரிய தப்பு சக்தி கணக்குலதான். செர்ன்கிற ஐரோப்பிய துகள் ஆய்வுக்கூடத்துல பாசிட்ரோனியம் மேல எதிர்ப்புரோட்டான (புரோட்டானோட மைனஸ் ஜோடி) விட்டு எதிர்ஹைட்ரஜன் செய்யப் பாக்குறாங்க, அதாவது எதிர்ப்புரோட்டானும் பாசிட்ரானும் சேர்ந்த அணு. எதிர்ப்புரோட்டான் 6000 எலக்ட்ரான் வோல்ட் சக்தில வருதுன்னு வைங்க, பாசிட்ரோனியத்தப் பிரிக்க 6.8 போதும், அப்ப தூள் தூளாயிடுமேன்னாங்க பசங்க. செம்பனைக் குலை ஏத்துன லோரி, ரோட்டுல கிடக்குற பூப்பந்து மேல மோதுனா லோரியோட சக்தி பூராவுமா பந்துக்குள்ள போகுது? லோரி பாட்டுக்குப் போய்ட்டே இருக்கும் லா. எதிர்ப்புரோட்டான் எலக்ட்ரான விட 1836 மடங்கு கனம், பாசிட்ரோனியம் வெறும் 2 மடங்கு, அதனால மோதலுக்குன்னு கிடைக்கிறது 6000-ஐ 1838-ஆல வகுத்து 2-ஆல பெருக்குனா வர்றது, சுமார் 6.5 தான். உடைக்கவே பத்தாது! 'குறைஞ்ச சக்தி மோதல்'னு எங்கயாச்சும் படிச்சா, எந்தக் கணக்குல குறைச்சல்னு முதல்ல பாருங்க. எலக்ட்ரான் வந்து மோதுனா கதை வேற, 9-ல வந்தா 6 வரைக்கும் கிடைக்கும்.

அடுத்தது, பாசிட்ரோனியத்துக்கு மொத்தத்துல சார்ஜ் இல்லாததால ஒண்ணும் நடக்காதுன்னு நினைக்கிறது. இதுல பாதி நெசம், அதான் ஆபத்து. அடிநிலையில, அதாவது சக்தி ரொம்பக் குறைஞ்ச நிலையில, ரெண்டு துகளோட மேகமும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி, பிளஸ்ஸும் மைனஸும் எல்லா இடத்துலயும் சரியா அடிபட்டுப் போயிடும், ஹைட்ரஜன்ல அப்படி ஆகாது. ஆனா கிட்ட வர்ற சார்ஜ் ஒண்ண இழுக்கும், இன்னொண்ணத் தள்ளும், அப்படி இழுபடுற தன்மை இதுக்கு ஹைட்ரஜனை விட 8 மடங்கு. அத விட்டுட்டு முதல் படியிலயே கணக்க மூடிடாதீங்க.

எதிர்ப்புரோட்டான் மெதுவா வந்தா சப்புன்னு போயிடும்னு நினைக்கிறதும் தப்பு. கிளர்ந்த நிலையில (அடிநிலைக்கு மேல சக்தி ஏறி) இருக்குற பாசிட்ரோனியத்துல, மோதல் சக்தி குறையக் குறைய எதிர்ஹைட்ரஜன் உருவாகுற வாய்ப்பு கிட்டத்தட்ட தலைகீழ் விகிதத்துல ஏறும். ஆனா எலக்ட்ரானும் பாசிட்ரானும் ஒண்ண ஒண்ணு அழிச்சுக்குறதுக்குள்ள முடிக்கணும், அடிநிலையில நீண்ட ஆயுள் வகைக்கே 142 நானோசெகண்டுதான்.

இதே மாதிரி பேர்ல குழப்புற இன்னொரு ஜோடி: மியூவோனியமும் மியூவான் ஹைட்ரஜனும் ஒண்ணு இல்ல. மியூவான்ங்கிறது எலக்ட்ரானோட கனமான சொந்தக்காரன். முதலாவதுல பிளஸ் மியூவானை எலக்ட்ரான் சுத்தும், சைஸ் ஹைட்ரஜன் மாதிரிதான். ரெண்டாவதுல மைனஸ் மியூவான் புரோட்டானைச் சுத்தும், சைஸ் சுமார் 186 மடங்கு சின்னது. படிக்கிற காலத்துல இத மாத்தி எழுதி மார்க் விட்டவன் நான்.